யுபிவிசி ஜன்னல் படுத்தும் பாடு: கேள்வி–பதில்

ஐப்பசி பிறந்து நாலு நாள் விடாமல் பெய்தது. மழை நின்ற மறுநாளே கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. முக்கால்வாசி, யுபிவிசி என்கிற வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னலைப் பற்றியவை. ஆகவே வாஷிங் மெஷின் பற்றி எழுதியவர்களும், செருப்புக்கடை மேல் கோபத்தில் எழுதியவர்களும் இந்த முறை பொறுத்துக்கொள்ளவும். நீளமான கடிதங்களை வெட்டியிருக்கிறேன். வசவுகளையும்.

கேள்வி: மழை பெய்தால் ஸ்லைடிங் ஜன்னலின் கீழ் ட்ராக்கில் தண்ணீர் தேங்கி, வழிந்து கட்டிலில் விழுகிறது. ஃபிட்டர் வந்து உள்ளேயும் வெளியேயும் சிலிக்கான் பூசிவிட்டு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். இப்போது முன்னைவிட மோசம்…
– வாசகி, வேளச்சேரி

பதில்: தண்ணீர் போகிற வழியை அடைத்ததற்கு அவருக்குக் கூலியும் கொடுத்திருக்கிறீர்கள். ஸ்லைடிங் ஜன்னலின் ட்ராக்குக்குள் தண்ணீர் வரத்தான் செய்யும். கதவுகள் உரசாமல் ஓட வேண்டும் என்பதற்காக ஓரங்களில் பிரஷ் மாதிரி ஒரு பட்டைதான் வைக்கிறார்கள், அது சாரலை முழுசாகத் தடுக்காது. உள்ளே வந்த தண்ணீர் வெளியேறுவதற்கு ட்ராக்கின் அடியில் துளைகள் இருக்கும். ஃப்ரேமின் வெளிமுகத்திலும் கீறல் போட்டதுபோல நீளத் துளைகள் இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் இருக்காது. காற்று நேராக உள்ளே அடிக்கக் கூடாது என்று தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். அதனால் இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சுத்தம் செய்ய வேண்டும்.

முதலில் வெளிமுகத் துளைகளின் மேல் பூசிய சிலிக்கானை பிளேடால் வெட்டி எடுங்கள். பிறகு ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். வீடு கட்டியபோது விழுந்த சிமெண்ட், ஐந்து வருடத் தூசி, குளவி கட்டிய மண்கூடு, இந்த மூன்றில் ஒன்று வரும். குளவிக்கு அந்தத் துளை அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும். அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீரை ட்ராக்கில் ஊற்றுங்கள். வெளியே வடிந்துவிட்டால் வேலை முடிந்தது.

சொம்புத் தண்ணீர் சரியாக வடிந்தும் மழையில் சுவர் நனைகிறதா? அப்படியானால் தண்ணீர் ஜன்னல் வழியாக வரவில்லை, ஃப்ரேமுக்கும் சுவருக்கும் நடுவில் வருகிறது. அந்த இடைவெளியை வெறும் ஃபோம் அடித்து விட்டிருப்பார்கள். ஃபோம் தண்ணீரைத் தடுக்காது, வெயில் பட்டால் மஞ்சளாகி உதிரும். அதன் மேல் வெளிப்பக்கம் சிலிக்கான் வேண்டும். சிலிக்கான் பூச வேண்டிய இடம் இதுதான். வெளிப்பக்கத் திண்டு வெளியே பார்த்துச் சரிந்திருக்கிறதா, சன்ஷேடின் அடியில் விளிம்பையொட்டிப் பள்ளக் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். கோடு இல்லையென்றால் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் அடித்த மாதிரி மழை படுக்கைவாட்டில் அடித்தால் நல்ல ஸ்லைடிங் ஜன்னலும் ஒழுகும். அன்றைக்குப் பழைய துண்டுதான்.

கேள்வி: ஜன்னலுக்கு அடியில் கம்பெனிக்காரர்கள் தேவையில்லாமல் ஓட்டை போட்டிருக்கிறார்கள். அது வழியாக எறும்பு வந்ததால் எல்லாவற்றையும் எம்சீல் வைத்து அடைத்துவிட்டேன். இப்போது அறைக்குள் தண்ணீர் வருகிறது. வழக்குப் போடலாமா?
– வாசகர், ஆவடி

பதில்: போடலாம், எதிர்மனுதாரர் நீங்கள்தான். எம்சீலைப் பெயர்த்துவிட்டு மேலே உள்ள பதிலைப் படியுங்கள். எறும்புக்கு, துளையின் மேல் மாட்டும் சின்ன மூடி ஜன்னல் செய்பவர்களிடம் கிடைக்கும். தண்ணீர் போகும், எறும்பு வருவது குறையும்.

கேள்வி: ஸ்லைடிங் கதவு கல்லாகக் கனக்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டேன், பிறகு மண்ணெண்ணெய் விட்டேன். ஒரு வாரம் நன்றாக ஓடுகிறது, மறுபடி பழைய கதைதான். எனக்கு 71 வயது, தள்ள முடியவில்லை.
– வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: ஐயா, எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் பசை. ஒரு வாரம் ஓடியது எண்ணெயின் தயவு, அதற்கப்புறம் ஓடாததும் அதே எண்ணெயால்தான். பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் ட்ராக்கைத் தேய்த்து, சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கான் ஸ்ப்ரே லேசாக அடிக்கச் சொல்லுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், ரப்பரையும் பிரஷ்ஷையும் கெடுக்கும்.

அதற்கும் ஓடவில்லையென்றால் சக்கரத்தைப் பாருங்கள். கதவின் பக்கவாட்டில், கீழ்க்கோடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். சிலவற்றில் மூடி போட்டிருப்பார்கள். உள்ளே ஒரு திருகு. ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் அரைச் சுற்று திருப்பினால் கதவு லேசாக ஏறும் அல்லது இறங்கும். இரண்டு கோடியும் சமமாக ஏறி, கதவு ட்ராக்கில் உரசாமல் நிற்க வேண்டும். சக்கரமே தேய்ந்து தட்டையாகியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். கதவைத் தூக்கிக் கழற்ற இரண்டு ஆள் வேண்டும். நீங்கள் அந்த இரண்டில் ஒருவராக இருக்க வேண்டாம். கழற்றிய சக்கரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகச் சொல்லுங்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், போட்டால் பொருந்தாது. கண்ணாடி பெரிதாக இருந்தால் ஒற்றைச் சக்கரத்துக்குப் பதில் இரட்டைச் சக்கரம் கேளுங்கள்.

கேள்வி: கறை படாமல் இருக்கட்டும் என்று ஃப்ரேமின் மேல் இருந்த பாதுகாப்பு பிளாஸ்டிக் தாளை இரண்டு வருடம் உரிக்காமல் வைத்திருந்தோம். இப்போது துண்டு துண்டாகக் கிழிகிறது, பசை ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.
– வாசகி, நாமக்கல்

பதில்: ஜன்னல் மாட்டி, பெயிண்ட் வேலை முடிந்த அன்றே உரிக்க வேண்டிய தாள் அது. வெயிலில் வெந்து பசை ஃப்ரேமோடு ஐக்கியமாகிவிட்டது. சோபாவுக்குக் கவர், கவருக்கு மேல் துணி, ரிமோட்டுக்கு உறை என்று வாழும் நம் ஜனங்களிடம் இதை எத்தனை முறை சொல்வது? ஹேர் டிரையரால் இதமாகச் சூடாக்கி, பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுங்கள். மிச்சப் பசைக்கு வெந்நீரும் சோப்பும், பொறுமையும். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அழிக்கும் திரவம் மூன்றும் பக்கத்திலேயே வரக்கூடாது, பிளாஸ்டிக்கின் மேல்தோலே கரைந்து மங்கிவிடும்.

கேள்வி: மேற்குப் பார்த்த பால்கனிக்கு மரக்கலர் பிளாஸ்டிக் கதவு, எட்டடி உயரம். காலையில் பூட்டு விழுகிறது. மதியம் இரண்டு மணிக்கு விழாது. இரவு மறுபடி சரி. கேட்டால் "வெயில் சார்" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், கரூர்

பதில்: பாதி உண்மை சொல்கிறார்கள். பிளாஸ்டிக் வெயிலில் நீளும். ஒரு மீட்டர் நீளம் 10 டிகிரி சூடேறினால் முக்கால் மில்லிமீட்டர் வரை. உங்கள் எட்டடிக் கதவு கரூர் வெயிலில் 30 டிகிரி ஏறினால் கணக்குக்கு ஐந்தரை மில்லிமீட்டர் வரை. அடர்நிறம் என்றால் வெள்ளையைவிடக் கூடுதலாகச் சூடாகும். உள்ளே ஏசி ஓடி, வெளியே கொதித்தால் கதவு வில் மாதிரி லேசாக வளையவும் செய்யும்.

அவர்கள் சொல்லாத பாதி: இது தெரிந்துதான் சுவருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே இடைவெளி விட்டு மாட்ட வேண்டும், பிளாஸ்டிக் சட்டத்துக்குள் இரும்பு வைக்க வேண்டும். கொத்தனார் சிமெண்டைத் திணித்து இறுக்கியிருந்தால் பிளாஸ்டிக் எங்கே போகும்? முதலில் பூட்டு விழுகிற தகட்டின் திருகைத் தளர்த்தி, மதிய நேரத்தில் இடம் மாற்றிப் பொருத்தச் சொல்லுங்கள். ஃபிட்டரை மதியம் இரண்டு மணிக்கு வரச் சொல்லுங்கள், காலையில் வந்தால் "நல்லாத்தானே இருக்கு" என்று போய்விடுவார். அதில் சரியாகவில்லையென்றால் பிழை மாட்டியதில். அது அவர்கள் செலவு.

கேள்வி: புது வீட்டுக்குப் பதினொரு ஜன்னல். ஒருவர் சதுர அடி 380 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 750. இரண்டும் அதே வெள்ளைதான். எதற்கு இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

ஏழு வருடத்துக்கு முன் என் பால்கனிக்கு ஸ்லைடிங் கதவு போட்டேன். நாலு பேரிடம் விலை கேட்டு, நாலு பேரின் சதுர அடி ரேட்டையும் ஒரு தாளில் எழுதி, இருப்பதிலேயே குறைந்ததைச் சுழித்தேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிப் பிழைக்கிற ஆள் செய்த காரியம் அது. இரண்டாவது கோடையில் கதவின் நடுச்சட்டத்தை விரலால் அழுத்தினால் உள்வாங்கியது. திரைக்கம்பிக்குக் கொக்கி மாட்டத் துளை போட்டபோது உள்ளே ஒன்றுமே இல்லை, மூங்கில் குழாய் மாதிரி வெற்றிடம். கடைக்காரரிடம் போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை, வருத்தப்படவும் இல்லை. "நீங்க கம்பி போடச் சொல்லலையே சார்" என்றார். என் கையில் இருந்த தாளில் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சதுர அடி ரேட் மட்டும்தான்.

பிளாஸ்டிக்குக்குத் தானாக நிற்கும் விறைப்பு போதாது. உள்ளே துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் வைத்தால்தான் காற்றுக்கு நிற்கும். வெளியிலிருந்து அது தெரியாது, அதனால்தான் முதலில் காணாமல் போவது அதுவாக இருக்கிறது. பழைய ஸ்பீக்கரில் இருக்கும் வலுவான காந்தத்தைச் சட்டத்தின் மேல் வையுங்கள், உள்ளே இரும்பு இருந்தால் இழுக்கும். கடையில் வெட்டிய துண்டு ஒன்றைக் கேட்டுக் குறுக்குவெட்டைப் பாருங்கள். அந்தப் பிளாஸ்டிக் குழாயின் சுவர் எவ்வளவு தடிமன்? பிளாஸ்டிக் ஜன்னல் சட்டத்துக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 12608-இல் வெளியே தெரியும் சுவருக்கு ஏ வகை என்றால் 2.8 மில்லிமீட்டர், பி வகை என்றால் 2.5. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சி. "ஜெர்மன் டெக்னாலஜி" என்று சொல்பவரிடம் எந்த வகை என்று மட்டும் கேளுங்கள், முகத்தைப் பாருங்கள்.

கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர், சாதாவா, சூடேற்றி வலுவாக்கிய டஃப்பன்டா? டஃப்பன்ட் கண்ணாடியின் மூலையில் அழியாத முத்திரை இருக்கும். காசு வாங்கிக்கொண்டு சாதாக் கண்ணாடி மாட்டுவது சகஜம், மாட்டும் அன்றே மூலையைப் பாருங்கள். சக்கரம் ஒற்றையா இரட்டையா? பூட்டு ஒரு இடத்திலா பல இடத்திலா? கொசுவலை ரேட்டில் சேர்த்தியா, தனியா? வலைக்கும் ஒரு ட்ராக் வேண்டும். இரண்டு ட்ராக் விலையைச் சொல்லி ஆர்டர் பிடித்துவிட்டு, "வலை வேணும்னா மூணு ட்ராக் சார்" என்று பிறகு சொல்வார்கள். ஏற்றுக்கூலி, மாட்டுகூலி, சிலிக்கான் யார் தலையில்?

அளவிலும் விளையாட்டு உண்டு. மூன்றடி ஒன்பது அங்குலத்தை நான்கடி என்று எழுதுவார்கள். நாலுக்கு நாலு பதினாறு, உண்மையில் பதினாலு. ஜன்னலுக்கு இரண்டு சதுர அடி. பதினொன்றுக்கு 22 சதுர அடி காற்றுக்குக் காசு கொடுப்பீர்கள். பாத்ரூம் வெண்டிலேட்டர் மூன்று சதுர அடி இருந்தாலும் "மினிமம்" என்று கூட்டிப் போடுவார்கள். கடைசியில், "பில் வேணும்னா 18 சதவீதம் ஜிஎஸ்டி" என்பார்கள். ரேட் சொன்ன அன்றைக்கு அது ஞாபகம் வராது.

380-காரர் திருடர், 750-காரர் யோக்கியர் என்று நான் சொல்லவில்லை. 750 வாங்கிக்கொண்டு இரும்பு வைக்காதவரும் உண்டு. இருவரிடமும் மேலே கேட்டதையெல்லாம் ஒரே தாளில், ஜன்னல் வாரியாக, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்த இரண்டு தாளை ஒப்பிடுங்கள். எழுதித் தர மறுப்பவர் ரேட்டை நூறாகக் குறைத்தாலும் கதவைக் காட்டுங்கள்.

கேள்வி: வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் செய்து வாங்கிவிட்டோம். மாட்டியபிறகுதான் தெரிந்தது, வெளியே க்ரில் கம்பி இருக்கிறது, திறக்க முடியவில்லை.
– வாசகர், திருப்பூர்

பதில்: அளவெடுத்தபோது கம்பி விடுமுறையில் போயிருந்ததா? க்ரில்லை உள்பக்கம் மாற்றுங்கள்.

கேள்வி: பஸ் சத்தம் தாங்காமல் இரட்டைக் கண்ணாடி ஸ்லைடிங் ஜன்னல் போட்டேன். நிறையச் செலவு. ஹாரன் அப்படியே கேட்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: கண்ணாடி தன் வேலையைச் செய்கிறது. பிரஷ் பட்டை செய்யவில்லை. காற்று நுழையும் இடமெல்லாம் சத்தமும் நுழையும். ஊதுபத்தியை ஏற்றி ஓரங்களில் காட்டுங்கள், புகை ஆடுகிற இடத்தில்தான் ஹாரன் வருகிறது. பிரஷ்ஷை மாற்றினால் கொஞ்சம் குறையும். சத்தத்துக்கென்று வாங்குபவர்கள் ரப்பர் அழுந்தி மூடும், கீல் வைத்த ஜன்னலைத்தான் கேட்டிருக்க வேண்டும். விற்றவருக்கு இது தெரியாமல் இருக்காது.

கேள்வி: கொடைக்கானலில் உள்ள வீட்டில் இரட்டைக் கண்ணாடியின் நடுவே பனி மூட்டம். துடைக்க வழி இல்லை. ஓட்டை போட்டு உலர்த்தித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார்.
– வாசகர்

பதில்: அவரை அனுப்பிவிடுங்கள். ஓரத்து சீல் விட்டுப்போய் ஈரம் உள்ளே போயிருக்கிறது. அந்தக் கண்ணாடி ஜோடியை மாற்ற வேண்டும், ஃப்ரேம் அப்படியே இருக்கலாம். வாரண்டி இருக்கிறதா பாருங்கள். அறைப்பக்கக் கண்ணாடியில் மூட்டம் கட்டுவது வேறு, அது குளிர் ஊரில் சகஜம், கொஞ்சம் காற்றோட்டம் வேண்டும். சென்னையில் ஏசி போட்டால் வெளிப்பக்கம் வியர்க்கும், அதற்காக எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: நாலே வருடத்தில் வெள்ளை ஜன்னல் மஞ்சளாகிவிட்டது. பத்து வருட கேரண்டி என்றார்கள். ஜன்னல் செய்தவர் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார், கம்பெனி செய்தவரைக் கேளுங்கள் என்கிறது.
– வாசகர், வேலூர்

பதில்: உள்ளே, அதுவும் சமையலறைப் பக்கம் மட்டும் மஞ்சள் என்றால் எண்ணெய்ப் புகை, சோப்புக்குப் போகும். வெளிப்பக்கம் மஞ்சள் என்றால் சரக்கில் குறை. வெயிலைத் தாங்க டைட்டானியம் டை ஆக்சைடு போதுமான அளவு சேர்க்க வேண்டும், விலை குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது அதில்.

நிறம், பிளாஸ்டிக் சட்டம் ஆகியவற்றுக்கு அந்தச் சட்டத்தைத் தயாரித்த கம்பெனி பொறுப்பு. பூட்டு, சக்கரம், மாட்டிய விதம் எல்லாம் செய்து மாட்டியவர் பொறுப்பு. "பத்து வருடம்" என்று பொதுவாகச் சொன்னால் எது பத்து வருடம் என்று யாரும் கேட்பதில்லை. கதவைத் திறந்து ட்ராக்கின் உள்முகத்தைப் பாருங்கள், சட்டத்தில் கம்பெனிப் பெயரும் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அதைப் படம் எடுத்து, பில்லோடு இருவருக்கும் ஒரே கடிதத்தில் அனுப்புங்கள். அச்சே இல்லையென்றால் கம்பெனிச் சரக்கு என்று சொல்லி வேறு எதையோ மாட்டியிருக்கிறார், அப்போது பிடிக்க வேண்டிய ஆள் ஒருவர்தான்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, தனியாக இருக்கிறேன். ஒன்பது ஜன்னலுக்கு 90,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். ஐந்து மாட்டினார். எட்டு மாதமாக மீதி வரவில்லை. முதலில் "அடுத்த வாரம் அம்மா" என்றார், இப்போது போனை எடுப்பதில்லை. நாலு ஜன்னலுக்கும் சாக்கு கட்டி வைத்திருக்கிறேன். பில் தரவில்லை. போனில் பணம் அனுப்பியது மட்டும்தான் இருக்கிறது. என் தப்புதான்…
– வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் தப்பு இல்லை அம்மா. நம்பிப் பணம் கொடுப்பது தப்பென்றால் ஊரில் ஒருவரும் வீடு கட்ட முடியாது. பில் கொடுக்காதது அவர் தப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது.

நீங்கள் நினைப்பதைவிட உங்களிடம் ஆதாரம் நிறைய இருக்கிறது. போனில் பணம் போன பதிவு, "அடுத்த வாரம்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், மாட்டிய ஐந்து ஜன்னல், சாக்கு கட்டிய நாலு ஓட்டை. எல்லாவற்றையும் படம் எடுத்து அச்சுப் போட்டு வையுங்கள். பழைய போனை மாற்ற வேண்டாம், செய்திகளை அழிக்க வேண்டாம். பிறகு ஒரு பக்கக் கடிதம்: எவ்வளவு கொடுத்தேன், எது வந்தது, எது வரவில்லை, 15 நாளில் ஜன்னலை மாட்டுங்கள் அல்லது பணத்தைத் திருப்புங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதில் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதியலாம். பாதிப் பேர் அந்த அழைப்புக்கே இறங்கி வருவார்கள்.

இறங்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை, வகுப்பில் கரும்பலகை முன் நின்றவர் தாராளமாகப் பேசலாம். பணத்தோடு வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு மூன்றையும் கேளுங்கள். பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போக வேண்டும், எட்டு மாதம் போய்விட்டது, ஆறப்போடாதீர்கள். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காலண்டரில் அதைவிடக் கூடுதலாகவே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இடையில் அவர் வந்து, "இன்னும் பத்தாயிரம் கொடுங்கம்மா, நாளைக்கே மாட்டிடறேன்" என்பார். ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. சாக்குக்குப் பதில் இப்போதைக்குத் தார்ப்பாய் கட்டுங்கள், சாக்கு நனைந்தால் சுவர் ஊறும். முடிவு என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள், கட்டாயமாக.

கேள்வி: இத்தனை சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் என்ன ஜன்னல்? மரம்தானே நல்லது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முன்னறையில் அப்பா காலத்துத் தேக்கு. நேற்றைய மழைக்கு ஊதிக்கொண்டது, தோளால் இடித்து மூடினேன், இனி தை பிறந்தால்தான் திறக்கும். சமையலறையில் கீல் வைத்த யுபிவிசி, இரும்பு வைத்தது, காந்தம் வைத்துப் பார்த்து வாங்கியது. நன்றாக இருக்கிறது, கொசுவலையைத்தான் பூனை கிழித்துவிட்டது. பால்கனியில் அதே மூங்கில் குழாய்க் கதவு. நடுவில் இரும்புப் பட்டை வைத்துத் திருகிவிட்டிருக்கிறேன். வீட்டுக்கு வருபவர்கள் அது என்ன டிசைன் என்று கேட்கிறார்கள்.